சிலந்தி பிடிக்கிற குளவியைப் பார்த்துக் குடும்பம் சொல்வது எப்படி

கிணற்றடி வாய்க்காலில் குனிந்து நின்று ஈரமண் உருட்டுகிற மஞ்சளும் கறுப்புமான குளவியைப் பார்த்திருப்பீர்கள். கிடுகு வேலிக்குக் கீழே தன்னைவிடப் பெரிய சிலந்தி ஒன்றை வாயால் கவ்விப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிற கருங்குளவியையும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் சிலந்தியைத்தான் பிடிக்கின்றன, கொட்டி அசையவிடாமல் பண்ணுகின்றன, தங்கள் புழுவுக்குச் சாப்பாடாக வைத்து மூடுகின்றன. அதனால் இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உறவு அப்படி ஓடவில்லை. மண் உருட்டுகிறதற்கு மற்றக் குளவியைவிடத் தேனீதான் நெருங்கிய சொந்தம்; எறும்புகூட அதைவிடக் கிட்ட.

இவற்றையும், இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படுகிற வேறு சிலதையும், கொல்லாமல் பிடிக்காமல் உங்கள் வளவிலேயே எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். நல்ல கமரா உள்ள போன் ஒன்று போதும். பத்து மடங்கு பெருக்கும் சின்னக் கைவில்லை இருந்தால் இன்னும் வசதி.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். என்ன பிடிக்கிறது, என்ன நிறம், எங்கே கூடு என்ற மூன்றும் குளவி எப்படிப் பிழைக்கிறது என்பதைச் சொல்லும், யாருக்கு யார் சொந்தம் என்பதைச் சொல்லாது. உறவைச் சொல்வது உடம்பில் வேட்டைக்குச் சம்பந்தமில்லாத சில சின்ன இடங்கள். உயிரினங்களுக்கு முறையாகப் பெயர் வைத்த லின்னேயஸ்கூட 1758 இல் இழுத்துப்போகிறதையும் மண் உருட்டுகிறதையும் ஸ்பெக்ஸ் என்ற ஒரே பேரினத்துக்குள்தான் வைத்தார். பிறகு வந்தவர்கள் உடம்பை வடிவாகப் பார்த்துத்தான் பிரித்தார்கள். நாமும் அந்த வழியில்தான் போகப்போகிறோம்.

யார் யார்?

நம் யாழ்ப்பாணப் பக்கத்தில் சிலந்தி வேட்டையாடும் குளவிகளை மூன்று கூட்டமாக வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, பொம்பிலிடே. உலகம் முழுக்க ஏறக்குறைய 5000 இனம். குடும்பம் முழுதுமே சிலந்தியை நம்பித்தான் வாழ்கிறது, ஒரு புழுவுக்கு ஒரு சிலந்தி என்ற கணக்கில். இழுத்துக்கொண்டு போகிறது இதுதான்.

இரண்டாவது, ஸ்பெசிடே குடும்பத்தில் இரண்டு பேரினங்கள்: மண்கூடு கட்டுகிற செலிஃப்ரோன், நீலமாக மின்னுகிற கலிபியோன். பூச்சியியலாளர் ஃபெப்ரீசியஸ் 1781 இல் விவரித்த செலிஃப்ரோன் மதராஸ்பட்டானம் நம் வீட்டுச் சுவர்களில் மண் அப்புகிறவர்களில் ஒன்று. கலிபியோன் பெங்காலென்சே சுவர் ஓட்டை, மூங்கில் துண்டு, திறப்பு ஓட்டை என்று ஏற்கெனவே இருக்கிற துவாரத்துக்குள் போய்க் குடியிருந்துவிட்டு வாயை மண்ணால் அடைக்கும். இந்தக் குடும்பத்தில் மற்றவர்கள் வேறு வேறு இரை பிடிப்பவர்கள். ஸ்பெக்ஸ் வெட்டுக்கிளி வகைகளை எடுக்கும், அம்மோஃபிலா புழுக்களை எடுக்கும்.

மூன்றாவது, கிராப்ரோனிடே குடும்பத்தில் டிரைபொக்சிலோன், பைசோன் என்ற இரண்டு. மெல்லிய, கறுத்த, சின்னக் குளவிகள். டிரைபொக்சிலோன் மட்டும் உலகில் 600 இனத்துக்கு மேல். சின்னனாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் விறாந்தையில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றால் கட்டாயம் கண்ணில் படும்.

இந்த மூன்று கூட்டமும் சிலந்திக்குத் தனித்தனியாகத்தான் வந்து சேர்ந்தன. அது எப்படித் தெரியும் என்பதற்குப் பிறகு வருகிறேன், முதலில் பார்க்கப் பழகுவோம்.

எங்கே, எப்போது நிற்க வேண்டும்

சோளகக் காற்று வீசுகிற வறண்ட மாதங்கள்தான் நல்ல காலம். நிலம் காய்ந்து கிடக்கும்போது ஈரமண்ணுக்கு எல்லாக் குளவியும் ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். கிணற்றடி வாய்க்கால், வாழைப்பாத்தி, தண்ணீர்க் குழாய் ஒழுகுகிற இடம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் காலை எட்டு மணிபோல வெயில் படுகிற இடத்தில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிச் செம்மண்ணைக் குழைத்து விட்டுவிடுங்கள். வலிகாமத்துச் செம்மண் இதற்கு மிக நல்லது. ஒரு குளவி இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுக்க வந்துகொண்டேயிருக்கும்.

மண் எடுக்கிற செலிஃப்ரோனைக் கிட்டே இருந்து ஒருமுறையாவது பாருங்கள். தலையை மண்ணோடு வைத்து, வயிற்றை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தாடையால் சுரண்டும், முன்காலால் உருட்டும், சிறகு அதிர மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். பட்டாணி அளவு உருண்டை ஆனதும் வாயில் கவ்விக்கொண்டு எழும்பும். அந்தச் சில நொடிகள் அது எங்கேயும் அசையாது, படம் எடுக்க அதுதான் நேரம். கூட்டில் மண் அப்பும்போதும் அதே ரீங்காரம் வரும், காதை வைத்தே கூடு எங்கே என்று கண்டுபிடிக்கலாம்.

பொம்பிலிடேக்கு மண்குழம்பு வேண்டியதில்லை. வேலியடி, விறகு அடுக்கு, காய்ந்த வாழைச் சருகு, மதில் ஓரம், இப்படித் தரையோடு பாருங்கள். ஓடும், நிற்கும், சிறகைப் பட் பட் என்று அடிக்கும், திரும்ப ஓடும். உணர்கொம்பு ஓயாமல் தரையைத் தட்டும், பெண்ணுக்கு அதன் நுனி சுருண்டிருக்கும். இந்தப் பதற்ற நடை ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால் பத்தடி தூரத்திலேயே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். மணலில் குழி தோண்டுகிறவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மணற்காட்டு மணல்மேட்டுப் பக்கம் காலையிலேயே போங்கள், மத்தியானம் மணலில் நிற்க ஏலாது.

பயப்படத் தேவையில்லை. இவை எல்லாம் தனியாக வாழ்கிறவை, கூட்டைக் காக்கக் கூட்டமாக வந்து கொட்டுகிற பழக்கம் இல்லை. ஆனால் கையால் பிடித்தால் பெண் கொட்டும், பொம்பிலிடே கொட்டினால் நன்றாகவே வலிக்கும். அமெரிக்காவில் பெரிய டரான்டுலாச் சிலந்திகளைப் பிடிக்கிற பெப்சிஸ் என்ற பொம்பிலிடேக்கு, பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட் தயாரித்த வலி அளவுகோலில் நாலுக்கு நாலு. பனையிலும் தென்னையிலும் காகிதம் போன்ற பெரிய கூடு கட்டிக் கூட்டமாக இருக்கிற குளவிகள் முற்றிலும் வேறு விஷயம். அவை கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு போகவேண்டாம்.

சிலந்தி எப்படிப் போகிறது என்று பாருங்கள்

உடம்பைப் பார்க்க முன்னம் நடத்தையைப் பாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

பெரிய சிலந்தி ஒன்று, தரையில் இழுபட்டுப் போகிறது, குளவி பின்பக்கமாக நடக்கிறது என்றால் அநேகமாகப் பொம்பிலிடே. ஒரு புழுவுக்கு ஒரே சிலந்தி என்பதால் அது பெரிதாக இருக்க வேண்டும், பெரிதென்றால் தூக்கிப் பறக்க முடியாது, ஆகவே இழுக்க வேண்டும். இவற்றில் அநேகமானவை முதலில் வேட்டையாடிவிட்டுப் பிறகுதான் குழி தோண்டும். அந்த நேரத்தில் சிலந்தியைச் சும்மா தரையில் விட்டால் எறும்பு தூக்கிவிடும் என்பதால் ஒரு புல்லின் கவட்டில் ஏற்றி வைத்துவிட்டுத் தோண்டும், இடையிடையே ஓடிவந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகும். இதைக் கண்டால் பொறுமையாக ஒரு பக்கமாக உட்காருங்கள், உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. குழி முடிந்து, சிலந்தி உள்ளே போய், அதன் வயிற்றில் ஒரு முட்டை வைக்கப்பட்டு, வயிற்று நுனியால் மண் தட்டி மூடப்படும் வரை பார்க்கலாம்.

வீட்டுக்குள் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிற பெரிய பழுப்புச் சிலந்தி, வலை கட்டாதது, ஹெட்டெரோபோடா வெனடோரியா. அதை இழுத்துக்கொண்டு ஒரு குளவி சுவரில் ஏறுவதைக் கண்டால் வயிற்று நுனியைப் பாருங்கள். கறுத்த உடம்பு, வயிற்றின் பின்பகுதி செம்பழுப்பு என்றால் டாக்கிபொம்பிலஸ் அனாலிஸ் என்று சந்தேகப்படலாம், இந்தச் சிலந்தியைப் பிடிப்பதில் பேர்போனது. அதுவும் பொம்பிலிடேதான்.

சிலந்தி சின்னது, குளவி அதை வயிற்றுக்குக் கீழே அணைத்துக்கொண்டு பறந்து வருகிறது, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது என்றால் மற்ற இரண்டு கூட்டத்தில் ஒன்று. இவை முதலில் கூட்டை ஆயத்தம் பண்ணிவிட்டுப் பிறகு வேட்டைக்குப் போகின்றன. ஒரு அறைக்குள் கனக்கச் சிலந்தி அடைக்கின்றன. சின்னச் சிலந்தி என்பதால் பறக்க முடிகிறது, பறக்க முடிகிறதால் கூட்டைச் சுவரில் உயரத்தில் வைக்க முடிகிறது. ஒன்று மாறினால் மற்றது எல்லாம் சேர்ந்து மாறுகிறது, இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது இந்தச் சங்கிலிதான்.

உடம்பில் எந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும்

மேலிருந்து எடுத்த படம் ஒன்று மட்டும் போதாது. பக்கவாட்டில் ஒன்று, முன்பக்க முகம் ஒன்று, மேலிருந்து கழுத்துப் பக்கம் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் அநேகமாக முடிவு சொல்லிவிடலாம்.

பக்கவாட்டுப் படத்தில் நெஞ்சைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடு நெஞ்சின் பக்கச்சுவரில், மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிரிக்கிறமாதிரி நேரான ஒரு கீறல் குறுக்கே ஓடினால் பொம்பிலிடே. அறிஞர்கள் முதலில் தேடுகிற அடையாளம் இது. வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால்தான் தெரியும், காலை வெயில் நல்லது.

அடுத்தது கழுத்துப் பட்டி. தலைக்குப் பின்னால், முதுகின் முதல் தகடு இரண்டு பக்கமும் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சிறகு தொடங்குகிற இடத்தில் சின்னச் செதில் ஒன்று இருக்கும். பொம்பிலிடேயில் அந்தத் தகடு பின்னோக்கி நீண்டு செதில்வரைக்கும் வந்து தொடும். ஸ்பெசிடேயிலும் கிராப்ரோனிடேயிலும் அது பட்டிபோலக் குறுகலாக இருக்கும், பக்கத்தில் உருண்டையான ஒரு மடல் இருக்கும், அந்த மடல் செதிலை எட்டாமல் முன்னமே நின்றுவிடும். இப்போது தேனீ ஒன்றின் படத்தை எடுத்துப் பாருங்கள். அதே மடல், அதே இடத்தில். செலிஃப்ரோன் தேனீயின் சொந்தம் என்று நான் சொன்னதை உங்கள் கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடம் இது. சிலந்தி பிடிப்பதற்கு இந்த மடலால் ஒரு உபயோகமும் இல்லை, அதனால்தான் அதை நம்பலாம்.

முகம் எதற்கென்றால் கண்ணுக்கு. டிரைபொக்சிலோனுக்கும் பைசோனுக்கும் கண்ணின் உள்விளிம்பு ஆழமாகக் குழிந்திருக்கும், அவரைவிதை மாதிரி. ஸ்பெசிடேக்கு அப்படி இல்லை, பொம்பிலிடேக்கும் அந்த ஆழம் வராது. புழு பிடிக்கிற பானைக் குளவிக்கும் கண் குழிந்திருக்கும், ஆனால் அது உட்காரும்போது சிறகை நீளவாக்கில் மடித்துக் குறுக்கிவிடும். டிரைபொக்சிலோன் மடிக்காது.

கால். பொம்பிலிடேயின் பின்கால் நீளம், முள் முள்ளாக இருக்கும், பின்தொடையே வயிற்று நுனிப் பக்கம்வரை போகும்.

இடுப்பு. எல்லாரும் முதலில் பார்ப்பது இதைத்தான், நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். நூல் போன்ற நீண்ட இடுப்பு செலிஃப்ரோனுக்கும் கலிபியோனுக்கும் இருக்கிறது. மதராஸ்பட்டானத்துக்கு அது மஞ்சள். பொம்பிலிடேக்கு வயிறு நெஞ்சோடு ஒட்டினமாதிரி இருக்கும். இதுவரை சரி. ஆனால் டிரைபொக்சிலோனுக்கும் வயிற்றின் முதல் கண்டம் நீண்டு மெலிந்திருக்கும், பானைக் குளவிக்கும் மெல்லிய இடுப்பு உண்டு. அதுவும் வேறு வேறு வழியால் வந்த ஒற்றுமைதான். ஆகவே இடுப்பை வைத்துச் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். மின்னுகிற நீலம் என்றவுடன் கலிபியோன் என்று எழுதிவிடாதீர்கள். ஆம்புலெக்ஸ் கம்பிரெசா என்று ஒன்று இருக்கிறது, மரகதப் பச்சை, தொடை சிவப்பு, கரப்பானைக் கொட்டி அதன் உணர்கொம்பைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போகும். பொம்பிலிடேயிலும் நீலக் கறுப்பு நிறையவே உண்டு.

மண்கூட்டைத் திறந்து பார்த்தல்

நம் ஊரில் "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று சொல்வார்கள். புழு ஒன்று கூட்டுக்குள் போனதையும் பிறகு அதே கூட்டிலிருந்து குளவி வந்ததையும் கவனமாகப் பார்த்தவர்கள் சொன்ன வார்த்தை அது, பார்த்தது உண்மை. நடுவில் நடந்ததுதான் கண்ணுக்குத் தெரியவில்லை: இரைமேல் வைத்த முட்டை, அதிலிருந்து வந்த குடம்பி, அதாவது குளவியின் சொந்தப் புழு. அதைப் பார்க்க ஒரு கூட்டைத் திறக்க வேண்டும்.

குளவி இன்னும் வந்துபோகிற கூட்டைத் தொடாதீர்கள். வெள்ளை அடிக்கவோ மின்விசிறி பூட்டவோ எப்படியும் அகற்ற வேண்டிய கூடு இருந்தால் அதை எடுங்கள். மெல்லிய கத்தி அலகைச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் கொடுத்து மெதுவாக நெம்பினால் முழுதாகக் கழன்று வரும். பின்பக்கம் திறந்த அறைகள் வரிசையாகத் தெரியும்.

உள்ளே இருப்பதை எண்ணுங்கள். பச்சைப் புழுக்கள் என்றால் பானைக் குளவி, நமக்கு வேண்டியதில்லை. கால் மடங்கிக் கிடக்கிற சின்னச் சிலந்திகள் பலது என்றால் செலிஃப்ரோன், அல்லது மெல்லிய மண் அறை என்றால் பைசோன். ஒரு தட்டில் பரப்பி வைத்துப் பாருங்கள். வட்ட வலைச் சிலந்தி, குதிக்கிற சிலந்தி, நண்டுச் சிலந்தி என்று உங்கள் வளவில் இருப்பதே தெரியாத சிலந்திகள் அதில் இருக்கும். ஒன்றின் வயிற்றில் வளைந்த வெள்ளை முட்டை அல்லது ஒட்டிக்கொண்டிருக்கிற குடம்பி தெரியும். சிலந்தியை ஊசி நுனியால் தொட்டால் சிலது காலை மெதுவாக அசைக்கும்: உயிர் இருக்கிறது, ஓட முடியாது.

மண் அறைக்குள் ஒரே ஒரு சிலந்தி, அதுவும் கால்கள் வெட்டப்பட்டு வெறும் உடம்பு மட்டும் இருந்தால் நிறுத்துங்கள், அது பெரிய விஷயம். ஓப்லோபஸ் என்ற பொம்பிலிடே. இந்தக் குடும்பத்தில் மற்றவர்கள் நிலத்தில் தோண்டிக்கொண்டிருக்க, இந்தக் கிளை மட்டும் மண் அறை கட்டக் கற்றுக்கொண்டது. காலை வெட்டிவிட்டால் சிலந்தியைத் தூக்குவது சுலபம், சின்ன அறைக்குள் அடைப்பதும் சுலபம். கூட்டை வைத்துச் செலிஃப்ரோன் என்று சொல்லியிருப்பீர்கள், சிலந்தியை எண்ணினால் விடை மாறுகிறது. மண் வீடு கட்டுவது மட்டும் செலிஃப்ரோன், பைசோன், ஓப்லோபஸ், பானைக் குளவி என்று நாலு பேருக்குத் தனித்தனியாக வந்திருக்கிறது.

மூடின அறையை ஒரு போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் வைத்தால் சில கிழமைகளில் உள்ளே இருப்பது வெளியே வரும். எப்போதும் எதிர்பார்த்தது வராது. பச்சை நீலமாக, கண்ணாடிபோல மின்னுகிற தடித்த குளவி வந்தால் அது ஸ்டில்பம் சயனூரம், மண் அறையைத் துளைத்து முட்டை வைக்கிற குயில் குளவி. புழுதிபோலச் சின்னப் பூச்சிகள் கூட்டமாக வந்தால் மெலிட்டோபியா, கூட்டுக்காரியின் குடம்பியைத் தின்றவை. பொம்பிலிடேக்குள்ளேயே திருடர் உண்டு. செரோபாலெஸ் வேறொரு குளவி இழுத்துப்போகிற சிலந்தியின் சுவாசத் துவாரத்துக்குள் தன் முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். இவாஜெட்டெஸ் மூடின குழியைத் தோண்டி, அங்கே இருந்த முட்டையைத் தின்றுவிட்டுத் தன்னுடையதை வைக்கும்.

டிரைபொக்சிலோனையும் கலிபியோனையும் பார்க்கச் சுலபமான வழி, மூங்கில் குழாய். ஒரு பக்கம் கணுவால் அடைபட்ட துண்டுகளாக வெட்டி, உள்விட்டம் 4 மில்லிமீற்றரிலிருந்து 12 மில்லிமீற்றர்வரை கலந்து, ஒரு கட்டாகக் கட்டி, மழை படாத இறவாரத்தில் கிடையாகத் தொங்கவிடுங்கள். சின்னத் துவாரத்துக்கு டிரைபொக்சிலோன், பெரியதுக்குக் கலிபியோன். வாய் மண்ணால் அடைபட்டதும் நீளவாக்கில் பிளந்தால் அறை அறையாக மண் தடுப்புத் தெரியும். தேனீ இனங்கள் சிலதும் வரும், இலைத்துண்டு அடைத்திருந்தால் அவைதான், அப்படியே விட்டுவிடுங்கள்.

தனித்தனியாக வந்தது என்று எப்படித் தெரியும்

இலங்கைப் பாடநூல்களில் ஒருங்கும் கூர்ப்பு என்று படித்திருப்பீர்கள், கிட்டிய சொந்தம் இல்லாதவை தனித்தனியே ஒரேமாதிரி ஆவது, சுறாவும் டொல்பினும் என்ற உதாரணத்தோடு. உங்கள் விறாந்தையில் அதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது.

ஒற்றுமை எல்லாம் ஒருங்கும் கூர்ப்பு இல்லை, இதைத்தான் அநேகம் பேர் தவறவிடுகிறார்கள். கொடுக்கை எடுங்கள். முட்டை இடுகிற குழாய் மாறி வந்தது அது, அதனால்தான் பெண் மட்டும் கொட்டும். பொம்பிலிடே, செலிஃப்ரோன், தேனீ, எறும்பு எல்லாருக்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்து. இரையைக் கொட்டி முடக்கிப் புழுவுக்கு வைக்கிற பழக்கமும் பழையது. தனித்தனியே வந்தது சிலந்தி என்ற தெரிவு.

ஒரு கூட்டத்தின் அயலவர் யார் என்று பார்த்தால் இது விளங்கும். பொம்பிலிடேயில் எந்தக் கிளையைத் தொட்டாலும் சிலந்திதான், ஆகவே குடும்பத்தின் தொடக்கத்திலேயே ஒருமுறை வந்த பழக்கம். செலிஃப்ரோனின் கிட்டின சொந்தமான, அமெரிக்கக் கண்டத்துப் போடியம் கரப்பான் பிடிக்கிறது. சற்றுத் தள்ளினால் வெட்டுக்கிளி, புழு. சிலந்தி பிடிப்பது அந்தக் குடும்பத்துக்குள் ஒரு மூலையில் பிறகு வந்தது. டிரைபொக்சிலோனின் அயலிலும் ஈ பிடிக்கிறது, தேனீ பிடிக்கிறது, செடிப்பேன் பிடிக்கிறது என்று எல்லாம் இருக்கிறது. கொடுக்குள்ள குளவிகளுக்குள் மட்டும் குறைந்தது மூன்று தடவை.

மரபணு ஆய்வுகள் இதை இன்னும் இறுக்கின. 2013 இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வொன்று, எறும்புகளைத் தேனீயும் ஸ்பெசிடேயும் இருக்கிற கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. பொம்பிலிடே வேறு கிளையில், சிறகில்லாத பெண்ணைக் கொண்ட மியூட்டிலிடே போன்றவற்றோடு நிற்கிறது. கிராப்ரோனிடேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னர் அதை ஸ்பெசிடேயோடு ஒரே குடும்பமாக வைத்திருந்தார்கள், பிறகு பிரித்தார்கள், 2018 இல் அதையும் பல குடும்பங்களாகப் பிரிக்க வேண்டும் என்று காட்டினார்கள், ஏனென்றால் தேனீக்கள் கிளைத்தது அதற்கு உள்ளேயிருந்துதான். ஆகவே பழைய பட்டியலில் ஒரு பெயரும் புதிய பட்டியலில் வேறு பெயரும் கண்டால் குழம்ப வேண்டாம். 1897 இல் பிங்கம் எழுதிய இந்திய, இலங்கைக் குளவி விவரணங்களும், 1970களிலும் 80களிலும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் குரோம்பைன் இலங்கைக் குளவிகளைப் பற்றிச் செய்த வேலையும் இன்றைக்கும் பயன்படுகின்றன, குடும்பப் பெயரை மட்டும் இன்றைய கணக்குக்கு மாற்றிக்கொண்டால் சரி.

ஏன் சிலந்திக்கே இத்தனை பேர் வருகிறார்கள்? எங்கும் நிறைய இருக்கிறது. வயிறு மென்மை, வண்டுபோல ஓடு இல்லை. ஒன்றிலேயே நிறையச் சாப்பாடு: பெரிய சிலந்தி கிடைத்தால் பொம்பிலிடே பெண்ணாகப் போகிற முட்டையையும், சின்னது கிடைத்தால் ஆணாகப் போகிறதையும் வைக்கிறது. ஆனால் திருப்பிக் கடிக்கிற இரை, வலைக்குள் இருக்கிற இரை. அதனால் ஒவ்வொரு கூட்டமும் தன் வழியில் தந்திரம் கண்டுபிடித்திருக்கிறது. வட அமெரிக்காவின் கலிபியோன் கலிபோர்னிகம் வலையில் இறங்கி இழையைச் சுண்டும், ஏதோ பூச்சி மாட்டிக்கொண்டது என்று சிலந்தியே கிட்ட வரும். கருவிதவைச் சிலந்தியைக்கூட அது பிடிக்கிறது.

நிரந்தரமாக முடக்காத, சிலந்தியை எங்கேயும் கொண்டுபோகாத வழியும் உண்டு. இக்நியுமோன் குளவிகளில் ஒரு கூட்டம் சிலந்தியைக் கொட்டிச் சற்று நேரம் மட்டும் அசையவிடாமல் பண்ணி, அதன் முதுகில் முட்டை ஒட்டிவிட்டுப் போய்விடும். பிறகு சிலந்தி எழும்பி வலை கட்டிக்கொண்டே இருக்கும், குடம்பி அதன் இரத்தத்தைக் குடித்துக்கொண்டே வளரும். கோஸ்டாரிகாவில் வில்லியம் எபர்ஹார்ட் என்ற ஆய்வாளர் 2000 இல் காட்டியது, கடைசி இரவில் அந்தச் சிலந்தி வழமையான வலைக்குப் பதிலாகக் குடம்பியின் கூட்டைத் தாங்கப் பொருத்தமான வேறொரு வலையைக் கட்டுகிறது என்பது. பூவரசங்கொப்பில் வட்ட வலைச் சிலந்தியைப் பார்க்கும்போது வயிற்றின் முன்பக்கத்தில் வெள்ளைப் புழு ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

பதிவு செய்யும்போது

உயிரினப் படங்களைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் போடுவதாக இருந்தால் குடும்பம் வரை மட்டும் எழுதுங்கள், இனப்பெயரை அடையாளம் தெரிந்தவர் போடட்டும். பொம்பிலிடேயில் படத்தை வைத்து இனம் சொல்வது பல நேரம் முடியாது. மூன்று கோணப் படத்தோடு சிலந்தியின் படத்தையும் தனியாகப் போடுங்கள், எந்தக் குளவி எந்தச் சிலந்தியைப் பிடிக்கிறது என்ற தகவல் வடக்கிலிருந்து போனால் அது உண்மையாகவே பெறுமதி. ஊர், திகதி, நேரம், தரையா சுவரா மூங்கிலா, இழுத்ததா பறந்ததா, அறையில் எத்தனை சிலந்தி. போத்தலில் வளர்க்கிறீர்கள் என்றால் கூடு எடுத்த நாளையும் குளவி வெளியே வந்த நாளையும் போத்தலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், வந்ததைப் படம் எடுத்துவிட்டு, கூடு எடுத்த அதே சுவருக்குப் பக்கத்தில் திறந்து விடுங்கள்.